கிளாண்டர்ஸ்: மருந்து இருந்தும் குதிரையைக் கொல்லச் சொல்லும் நோய்

குதிரை நோய் ஒன்றின் பெயரைத் தாங்கிய சட்டம் இந்தியாவில் 110 ஆண்டுகள் அமலில் இருந்தது. 1899இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த ‘கிளாண்டர்ஸ் அண்ட் ஃபார்சி’ சட்டம் அது. அதன்படி இன்ஸ்பெக்டர் எந்த லாயத்துக்குள்ளும் நுழையலாம். சந்தேகம் வந்தால் குதிரையைப் பிடித்துக்கொண்டு போகலாம். கால்நடை மருத்துவர் பார்த்து நோய்தான் என்று சொல்லிவிட்டால் அதைக் கொன்றுவிட வேண்டியதுதான். குதிரை என்றால் கழுதையும் கோவேறு கழுதையும் அதில் அடக்கம். 2009இல் எல்லாக் கால்நடைத் தொற்றுகளுக்கும் பொதுவாக ஒரு சட்டம் வந்தபோதுதான் இந்தப் பழைய சட்டம் ரத்தானது.

சட்டம் போய்விட்டது, நோய் போகவில்லை. உலகத்தின் பெரும்பகுதியில் கிளாண்டர்ஸ் இன்று அரிய நோய். பிரிட்டனில் 1928க்குப் பிறகு இல்லை, கனடாவில் 1938க்குப் பிறகு இல்லை, அமெரிக்கக் குதிரைகளிடம் 1942க்குப் பிறகு இல்லை. அங்கெல்லாம் இன்றைய கால்நடை மருத்துவர் இதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார், அவ்வளவுதான். இந்தியா, பாகிஸ்தான், ஈரான், பிரேசில், மத்தியக் கிழக்கின் சில நாடுகள் என்று மற்ற இடங்களில் அது அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு மருந்து காரணம் கிடையாது. பணக்கார நாடுகள் ஒரு குதிரையைக்கூட மருந்து கொடுத்துக் காப்பாற்றி இந்த நோயை ஒழிக்கவில்லை. கண்டுபிடித்தன, கொன்றன, உரிமையாளருக்குப் பணம் கொடுத்தன. இந்த மூன்றில் கடைசி விஷயம்தான் நம் ஊரில் இடிக்கிறது என்பது என் கணிப்பு. அதற்கு வருமுன் நோயைப் பார்த்துவிடலாம்.

நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் பெயர் பர்கோல்டேரியா மல்லியை. 1882இல் பெர்லினில் லோஃப்லரும் ஷூட்ஸும் இதைப் பிரித்தெடுத்தார்கள். டிப்தீரியா கிருமியோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் அதே லோஃப்லர்தான். நோயுள்ள குதிரையின் மூக்கிலிருந்து ஒழுகும் சளியிலும், தோலில் உடைந்த கட்டியின் சீழிலும் இந்தக் கிருமி இருக்கும். அந்தக் குதிரை தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தால் போதும், அதே தொட்டியில் குடிக்கும் அடுத்த குதிரைக்கும் போய்விடும். தீவனக் கூடை, கடிவாளம், சேணம், உடம்பு தேய்க்கும் பிரஷ் எல்லாமே வழிதான். ஆனால் முதல் இடம் தண்ணீர்த் தொட்டிக்கு. மோட்டார் வண்டி வருமுன் மேற்கத்திய நகரங்களில் தெருவோரம் வரிசையாகப் பொதுத் தொட்டிகள் கட்டி வைத்திருந்தார்கள். வாயில்லா ஜீவன்களுக்குச் செய்த புண்ணியம் அது. அப்புறம் இந்த நோய்க்குப் பயந்து பல ஊர்களில் அவற்றை மூடினார்கள். வண்டிக்காரர்கள் சொந்த வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

நோய் மூன்று விதமாக வெளிப்படும். மூக்கில் வந்தால், பெரும்பாலும் ஒரு நாசித் துளையிலிருந்து மஞ்சளும் பச்சையும் கலந்த, பசை போல ஒட்டும் சளி வரும். தாடைக்குக் கீழே நிணநீர்க் கட்டி கெட்டியாகும். மூக்கைப் பிரித்து வெளிச்சம் அடித்துப் பார்த்தால் நடுத்தண்டில் புண்கள் தெரியும். அவை ஆறிய இடத்தில் நட்சத்திரம் போன்ற தழும்பு விழும். அந்தத் தழும்பைப் பார்த்தவுடன் பழைய காலத்து ராணுவக் கால்நடை மருத்துவர்கள் வேறு எதையும் கேட்க மாட்டார்கள். நுரையீரலில் வந்தால் வெளியே சட்டென்று ஒன்றும் தெரியாது. இருமும், இளைக்கும், வேலை செய்ய மறுக்கும். தோலில் வந்தால் பின்னங்கால்களின் உட்புறத்திலும் விலாவிலும் நிணநீர்க் குழாய் வழியே வரிசையாக முண்டுகள் கிளம்பும். அவை உடைந்து தேன் நிறத்தில் சீழ் வடியும். இந்தத் தோல் வடிவத்துக்குத்தான் ஃபார்சி என்று பெயர். இரண்டும் வேறு வேறு நோய் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். சட்டத்தின் பெயரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்கு அதுதான் காரணம்.

கழுதைக்கும் கோவேறு கழுதைக்கும் வந்தால் காய்ச்சல் ஏறி, மூச்சுத் திணறி, சில நாட்களில் அல்லது சில வாரங்களில் முடிந்துவிடும். குதிரையின் கதை வேறு. மாதக்கணக்கில், சமயத்தில் ஆண்டுக்கணக்கில் நோயைச் சுமந்துகொண்டு வண்டி இழுக்கும். தின்னும், ஓடும், நல்ல விலைக்கும் போகும். பக்கத்தில் கட்டிய குதிரைக்கெல்லாம் கிருமியைக் கொடுத்துக்கொண்டும் இருக்கும். ஊர் விட்டு ஊர் நோய் போவது சாகக் கிடக்கும் கழுதையால் இல்லை, நடமாடிக்கொண்டிருக்கும் இந்தக் குதிரையால்தான்.

தோலில் கட்டி வந்தாலே கிளாண்டர்ஸ் என்று பதறவும் வேண்டாம். ‘ஸ்ட்ராங்கிள்ஸ்’ என்று ஒரு நோய் குட்டிக் குதிரைகளிடம் சகஜம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வை என்ற பாக்டீரியாவால் வருவது. தாடைக்கடியில் கழலை போல வீங்கி, பழுத்து உடைந்து, பெரும்பாலும் தானே சரியாகிவிடும். கால்களில் வரிசையாகப் புண் வைக்கும் இன்னொன்று பூஞ்சையால் வருகிறது. கொரைனிபாக்டீரியம் சூடோடியூபர்குளோசிஸ் என்ற மற்றொரு பாக்டீரியாவும் கிட்டத்தட்ட அதே மாதிரிப் புண்ணைக் காலில் உண்டாக்கும். கலிஃபோர்னியாவில் அதே கிருமி குதிரையின் நெஞ்சில் பெரிய சீழ்க்கட்டியாக வருகிறது. நெஞ்சு புறாவினுடையது போல முன்தள்ளி நிற்பதால் அங்கே அதைப் புறாக் காய்ச்சல் என்கிறார்கள். புறாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆக, கண்ணால் பார்த்து மட்டும் கிளாண்டர்ஸ் என்று தீர்ப்பெழுத முடியாது. தீர்ப்பு மரண தண்டனை என்பதால் சோதனை முக்கியம்.

அந்தச் சோதனை 1890–91 வாக்கில் ரஷ்யப் பேரரசில் பிறந்தது. ஹெல்மன், கால்னிங் என்ற இரு கால்நடை மருத்துவர்கள் இந்தக் கிருமியை வளர்த்து, கொன்று, அதன் சாற்றிலிருந்து ‘மல்லீன்’ என்ற திரவத்தைத் தயாரித்தார்கள். காசநோயைக் கண்டறியத் தோலில் போடும் டியூபர்குளின் ஊசி எப்படியோ, கிளாண்டர்ஸுக்கு மல்லீன் அப்படி. கால்னிங் இந்த வேலையிலேயே கிளாண்டர்ஸ் தொற்றி இறந்துபோனார். பிற்காலத்தில் நிலைபெற்ற முறையில், குதிரையின் கீழ் இமைத் தோலுக்குள் 0.1 மில்லி மல்லீனை மெல்லிய ஊசியால் ஏற்றுவார்கள். 24 மணி நேரத்தில் ஒரு முறையும் 48 மணி நேரத்தில் மறுமுறையும் பார்ப்பார்கள். நோய் இல்லாத குதிரைக்குக் கொஞ்சம் வீங்கி வற்றிவிடும். நோய் உள்ள குதிரைக்கு இமை நன்றாகத் தடித்து, கண் பாதி மூடி, ஓரத்திலிருந்து சீழ் வடியும். வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும். ஆய்வகம் வேண்டாம், மைக்ரோஸ்கோப் வேண்டாம். நூறு குதிரைகளை வரிசையாக நிறுத்தி, மறுநாள் கண்களைப் பார்த்துக்கொண்டே நடந்துபோகலாம்.

மூக்கு ஒழுகாத, இருமாத, கொழுகொழுவென்று நிற்கும் குதிரைக்குள்ளும் நோய் இருப்பதை முதன்முதலில் காட்டியது இந்த ஊசிதான். அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. லண்டனில் டிராம், பஸ், வாடகை வண்டிக் கம்பெனிகளின் பெரிய லாயங்களில் நோய் ஊறிக் கிடந்தது. நோய் தெரிந்த குதிரையைக் கொல்லச் சொன்னால் கம்பெனிக்காரர்கள் கொன்றுவிடுவார்கள், ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கும் குதிரையை ஊசியின் பேச்சைக் கேட்டு யார் கொல்வார்கள்? 1907இல் பிரிட்டன் போட்ட ஆணை இந்த முடிச்சை அவிழ்த்தது. மல்லீனுக்குக் கண் வீங்கிய குதிரையைக் கொன்றால் நஷ்டஈடு உண்டு என்றார்கள். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளில் நோய் பிரிட்டனை விட்டே போய்விட்டது. மோட்டார் வண்டி வந்ததும் உதவியது, மறுப்பதற்கில்லை. குதிரையே இல்லாத தெருவில் குதிரை நோய் எப்படி இருக்கும்? ஆனால் முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான குதிரைகளை ஒரே இடத்தில் கட்டிவைத்தும் பிரிட்டிஷ் ராணுவத்தில் கிளாண்டர்ஸ் வெறியாட்டம் போடவில்லை. வாங்கிய குதிரைகளுக்கெல்லாம் மல்லீன் போட்டுப் பார்த்ததே காரணம். அதற்கு முன் தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது இந்த நோயால் பட்ட அடி அவர்களுக்கு மறக்கவில்லை.

முதல் உலகப் போரில் எதிர்த்தரப்பான ஜெர்மனி இந்த நோயையே ஆயுதமாக எடுத்தது. அன்டன் டில்கர் என்ற ஜெர்மானிய வம்சாவளி அமெரிக்க டாக்டர் 1915இல் ஜெர்மனியிலிருந்து கிருமிகளோடு அமெரிக்கா வந்தார். வாஷிங்டனை ஒட்டிய செவி சேஸ் என்ற இடத்தில் ஒரு வீட்டின் நிலவறையில் கிளாண்டர்ஸ் கிருமியையும் ஆந்த்ராக்ஸ் கிருமியையும் வளர்த்தார். நேச நாடுகளுக்குக் கப்பல் ஏறக் காத்திருந்த குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் அவற்றை ஏற்ற பால்டிமோர் துறைமுகத்தில் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். ஊசியால் குத்தினார்கள், தண்ணீரிலும் தீவனத்திலும் கலந்தார்கள். போரின் போக்கை அது மாற்றியதாகத் தெரியவில்லை. அமெரிக்கா அப்போது இன்னும் போரில் இறங்கவேயில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் துணிச்சல் புரியும். டில்கர் 1918இல் மாட்ரிட்டில் இன்ஃப்ளூயன்சாவில் இறந்தார்.

இந்த நோய் மனிதருக்கும் வரும். குதிரைக்காரர்கள், லாடம் அடிப்பவர்கள், செத்த குதிரையை அறுப்பவர்கள், மருத்துவர்கள் என்று பலர் போயிருக்கிறார்கள். 1837இல் பாரிஸில் ரேயர் என்ற மருத்துவர், நோயுற்ற மனிதரிடமிருந்து எடுத்ததைக் குதிரைக்கு ஏற்றி, அதற்கும் கிளாண்டர்ஸ் வருவதைக் காட்டினார். ஆன்டிபயாடிக் வருமுன் ரத்தத்தில் பரவிய நோயிலிருந்து பிழைத்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் மனிதருக்கு இது சுலபமாகத் தொற்றுவதில்லை. இந்தியாவில் நோய் வந்த இடங்களில் குதிரைக்காரர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது தொற்று உறுதியாகவில்லை. ஆய்வகத்தில் கிருமியை வளர்ப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒன்றைப் பார்த்தால், நோய் அரிதாகிப்போவதிலும் ஒரு ஆபத்து இருப்பது தெரியும். மேரிலாந்தில் உள்ள ராணுவ ஆய்வகத்தில் இந்தக் கிருமியோடு வேலை செய்துவந்த ஒருவருக்கு அக்குளில் கட்டி வந்தது, காய்ச்சல் அடித்தது. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. எப்போதும் கையுறை போடும் பழக்கம் இல்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், கேட்கவில்லை. வாரக்கணக்கில் இழுத்து, கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் வைத்து, வென்டிலேட்டர் வரை போனார். மருத்துவமனையில் அவர் ரத்தத்தில் வளர்ந்த கிருமியைத் தானியங்கி இயந்திரம் வேறு ஏதோ சூடோமோனாஸ் வகைக் கிருமி என்று சொன்னது. அரை நூற்றாண்டாக அமெரிக்காவில் மனிதருக்கு வராத நோய் என்பதால் அதன் நினைப்பிலேயே கிளாண்டர்ஸ் இல்லை. கடைசியில் கண்டுபிடித்து இமிபெனமும் டாக்ஸிசைக்ளினும் கொடுத்ததும் பிழைத்துக்கொண்டார். அந்த ஆய்வகம் இந்தக் கிருமியையே வைத்து வேலை நடந்த இடம். அங்கே வேலை பார்த்தவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டுமா?

இந்தக் கிருமிக்கு ஒரு பங்காளி உண்டு. 1911 வாக்கில் ரங்கூனில் பிணப் பரிசோதனை செய்துகொண்டிருந்த ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும், மார்ஃபின் ஊசிக்கு அடிமையான ஏழைகளின் நுரையீரலில் விசித்திரமான சீழ்க்கட்டிகளைப் பார்த்தார்கள். பார்த்ததும் கிளாண்டர்ஸ் என்றுதான் தோன்றியது. ஆனால் இறந்தவர்களுக்குக் குதிரைச் சகவாசமே இல்லை, வளர்த்த கிருமியும் நீந்தியது. கிளாண்டர்ஸ் கிருமி நீந்தாது. அப்படித்தான் இன்று மெலியாய்டோசிஸ் என்று நாம் அழைக்கும் நோய் 1912இல் உலகுக்குத் தெரியவந்தது. வேலூர் தொடங்கி நம் பக்கத்து மருத்துவமனைகளில் மனிதர்களிடம் இன்றும் காண்கிற நோய் அது. மண்ணிலும் சேற்றிலும் வாழும் அந்தக் கிருமி குதிரைக்கும் வரும். 1975இல் பாரிஸின் ஜார்தான் தே பிளாந்த் விலங்குக் காட்சிசாலையில் புகுந்து, அங்கிருந்து குதிரைப் பயிற்சிக் கழகங்களுக்கும் பரவியது. வெப்பநாட்டு மண்ணில் வாழ்வது பாரிஸுக்கு எப்படி வந்தது என்று தேடியவர்கள், சீனா பரிசளித்த பாண்டாவைக்கூடச் சந்தேகப் பட்டியலில் வைத்தார்கள்.

இரண்டு கிருமிகளின் மரபணுத் தொகுப்பையும் 2004இல் படித்து முடித்தபோது உறவு முழுசாகத் தெரிந்தது. மண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமியிடம் சுமார் 72 லட்சம் எழுத்துகள், கிளாண்டர்ஸ் கிருமியிடம் சுமார் 58 லட்சம். மண்கிருமி ஒன்று எப்போதோ ஒரு காலத்தில் குதிரைக்குள் குடியேறி, அங்கே எல்லாம் கிடைத்ததால், வெளியே பிழைக்கத் தேவையான மரபணுக்களை ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்டிருக்கிறது. நீந்தும் திறனும் அப்படிப் போனதுதான். இப்போது வெயில் பட்டால் சீக்கிரம் சாகும். இருட்டான, ஈரமான லாயத்தில் சில வாரம் தாங்கும், அதற்கு மேல் முடியாது. காட்டு விலங்குகளிலும் அதற்கு நிரந்தர வீடு கிடையாது. சிங்கம், புலிக்கு வரும், அதுவும் நோயுள்ள குதிரை இனத்தின் இறைச்சியைத் தின்றால்தான். 2010 கடைசியில் தெஹ்ரான் காட்சிசாலையில் ரஷ்யாவிலிருந்து வந்த சைபீரியப் புலி அப்படித்தான் செத்தது.

ஒரு நோயை உலகத்திலிருந்தே துடைக்க வேண்டும் என்றால் இதைவிட வசதியான கிருமி கிடைக்காது. மண்ணில் ஒளியாது, கொசுவில் ஏறாது, காட்டுக்குள் ஓடாது. நோயைச் சுமக்கும் குதிரைகளை எல்லாம் கண்டுபிடித்துவிட்டால் கதை முடிந்தது. அப்படியிருந்தும் முடியவில்லை.

இந்தியாவில் இடையில் சில காலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்த கிளாண்டர்ஸ், 2006இல் மறுபடி பெரிதாகக் கிளம்பியது. அடுத்த சில ஆண்டுகளில் மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட், ஆந்திரா, பஞ்சாப், ஹரியானா, இமாச்சலம், சத்தீஸ்கர் என்று எட்டு மாநிலங்களில் கண்டறிந்தார்கள். 2018 தொடக்கத்தில் தில்லியிலேயே வந்தது. 2019இல் மத்திய அரசு இதற்கென்று தேசியச் செயல்திட்டம் போட்டது. குதிரைகளின் எண்ணிக்கையோ சரிந்துகொண்டே போகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து 3.4 லட்சம், கழுதைகள் 1.2 லட்சம், கோவேறு கழுதைகள் 84 ஆயிரம். ஏழு ஆண்டுகளுக்கு முன் இருந்ததில் பாதிகூட இல்லை. குறைந்துபோன எண்ணிக்கையிலும் நோய் நிற்கிறது என்றால், இவை எங்கே, யாரிடம் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

பந்தயக் குதிரையிடமும் ராணுவக் குதிரையிடமும் நோய்க்கு இடம் குறைவு. அவற்றுக்குத் தவறாமல் டாக்டர் வருவார், ரத்தம் எடுப்பார். பாம்புக்கடி மருந்துக்காகச் சீரம் எடுக்கும் குதிரைகளும் அப்படித்தான். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கும் விஷத்தை வாங்கிக்கொள்வது அத்தகைய குதிரைகளின் உடம்புதான். புதிதாக ஒரு குதிரையை அந்தச் சீரக் குதிரைகளோடு சேர்க்குமுன் பார்க்கும் நோய்களில் கிளாண்டர்ஸும் ஒன்று. நோய் தங்குவது செங்கல் சூளையிலும் கல்யாண ஊர்வலத்திலும் டோங்கா என்ற வடநாட்டுக் குதிரை வண்டியிலும் மலைக்கோயில் பாதையிலும் உழைக்கும் மிருகங்களிடம். உத்தரப் பிரதேசத்தின் சூளைகளில் சுடாத பச்சைச் செங்கல்லைச் சுமப்பது கழுதையும் கோவேறு கழுதையும் மட்டக்குதிரையும்தான். பல குடும்பங்களின் மிருகங்கள் ஒரே இடத்தில் கட்டிக்கிடக்கும், ஒரே தொட்டியில் குடிக்கும், எலும்பு தெரிய உழைக்கும். மழை தொடங்கினால் சூளை மூடிவிடும். அப்புறம் வேறு பிழைப்பு தேடி வேறு ஊர், இல்லையென்றால் சந்தையில் விற்பனை. கிருமிக்கு இதைவிட நல்ல பயண ஏற்பாடு யார் செய்து தர முடியும்?

தமிழ்நாட்டில் குதிரைகள் குறைவு. மெரினாவிலும் ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் சவாரிக்கு நிற்பவை, கல்யாணத்துக்குச் சாரட்டு இழுப்பவை, வளர்க்க ஆசைப்பட்டவர்கள் வீட்டில் நிற்பவை. ஆனால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் வெளிமாநிலங்களிலிருந்து எவ்வளவு தூரம் பயணம் செய்து வருகின்றன என்று. அங்கே கால்நடை மருத்துவர்கள் குதிரையின் மூக்கைப் பார்ப்பதும், வாங்குகிறவர் ரத்தப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்பதும் வெறும் சம்பிரதாயமாக இருந்துவிடக் கூடாது.

இப்போது அந்த மூன்றாவது விஷயத்துக்கு வரலாம். சூளையில் வேலை செய்யும் ஒருவரின் மட்டக்குதிரைக்கு மூக்கு ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கால்நடை மருந்தகத்துக்குப் போனால் ரத்தம் எடுத்து ஹிசாரில் இருக்கும் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்புவார்கள். முடிவு பாசிட்டிவ் என்றால் அதைக் கருணைக்கொலை செய்து, அறுத்துப் பார்க்காமல், சுண்ணாம்பு போட்டு ஆழக் குழியில் புதைப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் குதிரைகள் நடமாடத் தடை வரும். பக்கத்து வீட்டுக்காரர்களின் பிழைப்பும் நிற்கும். அவர்கள் யாரைத் திட்டுவார்கள்? கொன்ற குதிரைக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் தொகை, கழுதைக்கு அதைவிடக் குறைவு. அந்தப் பணத்தில் சூளைக்கு ஏற்ற நல்ல மிருகம் ஒன்றை வாங்க முடியாது. அதுவும் கையில் வந்து சேரும்வரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒருவர் தானாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். மூக்கைத் துடைத்துவிட்டு, அடுத்த மாவட்டத்துச் சந்தையில் விற்றுவிடுவதுதான் அவருக்கு லாபம். அவர் கெட்டவர் என்பதால் அப்படிச் செய்வதில்லை. விதியை எழுதியவர்கள் அவர் பக்கக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. 1907இல் லண்டன் கம்பெனிகளிடம் பணத்தால் அவிழ்த்த அதே முடிச்சு இங்கே இன்னும் இறுகிக் கிடக்கிறது.

சரி, மருந்துதான் இருக்கிறதே, ஏன் கொல்ல வேண்டும்? நியாயமான கேள்வி. பாகிஸ்தானில் ஓரிடத்தில் வந்த நோயில் 23 குதிரைகளைத் தனிமைப்படுத்தி, 12 வாரம் என்ரோஃப்ளாக்சசினும் டிரைமெத்தோபிரிம்–சல்ஃபா வகையும் அப்புறம் டாக்ஸிசைக்ளினும் கொடுத்துப் பார்த்தார்கள். குணமாயின. அதை 2012இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். ஆனாலும் சர்வதேச விதியும் இந்திய விதியும் மருத்துவம் வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருக்கின்றன. அதற்கும் காரணம் உண்டு. பந்தயக் குதிரைக்கு 12 வாரம் தவறாமல் மருந்து கொடுக்க ஆள் இருக்கும், சூளைக் குதிரைக்கு யார் கொடுப்பார்? பாதியில் விட்டால் வெளியே குணமானது போலத் தெரிந்துகொண்டு உள்ளே நுரையீரலில் கிருமி உட்கார்ந்திருக்கும். நடமாடும் நோய்க்களஞ்சியத்தை நாமே தயாரித்ததாக ஆகும். தடுப்பூசியும் கிடையாது. குதிரையைக் கொல்வது கொடுமையாக இருந்தாலும், இந்த ஒரு நோயில் கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் நாட்டின் நன்மைக்காக ஒரு ஏழையின் குதிரையைக் கொல்கிறோம் என்றால் அதன் முழு விலையை நாடுதான் கொடுக்க வேண்டும், அதுவும் புதைத்த வாரத்திலேயே.

கொல்வதென்று ஆனபின் சோதனை தப்பாகவும் சொல்லக் கூடாது. ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பழைய ‘காம்ப்ளிமென்ட் ஃபிக்சேஷன்’ சோதனை நுட்பமானதுதான், ஆனால் கழுதை, கோவேறு கழுதை ரத்தத்தில் அது அடிக்கடி குழம்பும். நோய் இல்லாததையும் உண்டு என்று சொல்லிவிடும். ஹிசார் மையம் கிருமியின் ஒரே ஒரு புரதத்தை, எச்சிபி1 என்று பெயர், ஈகோலை என்ற வேறொரு பாக்டீரியாவுக்குள் தயாரித்து அதை வைத்து எலைசா என்ற வகை ரத்தச் சோதனை ஒன்றை உருவாக்கியது. உயிருள்ள கிளாண்டர்ஸ் கிருமியைக் கையாளாமலேயே தயாரிக்கலாம், பல மாநில ஆய்வகங்களில் செய்யலாம், சந்தேகம் வந்ததை மட்டும் ஹிசாருக்கு அனுப்பிப் பழைய முறையில் உறுதிசெய்துகொள்ளலாம். இந்தியாவின் கிளாண்டர்ஸ் கதையில் சந்தேகமில்லாமல் நல்ல செய்தி இது.

2025இல் செயல்திட்டத்தைத் திருத்தியபோது இன்னொரு நல்ல காரியம் செய்தார்கள். நோய் வந்த இடத்தைச் சுற்றிய 5 கிலோமீட்டர் தொற்றுப் பகுதியை 2 கிலோமீட்டராகவும், அதற்கு வெளியே 25 கிலோமீட்டர் வரை இருந்த கண்காணிப்புப் பகுதியை 10 கிலோமீட்டராகவும் குறைத்தார்கள். தடை குறுகினால் பக்கத்து ஊர்க்காரர்களின் கோபமும் குறையும், சொல்ல வருபவருக்குத் தயக்கமும் குறையும். அதே ஆண்டு ஜூலையில் மீரட் கன்டோன்மென்ட்டில் ராணுவக் கால்நடைப் படையின் மையத்துக்கு, கிளாண்டர்ஸ் உள்பட ஐந்து குதிரை நோய்கள் இல்லாத வளாகம் என்று உலக விலங்கு சுகாதார அமைப்பின் அங்கீகாரம் கிடைத்தது. இந்தியாவில் முதல் வளாகம் அது. அங்கிருந்து குதிரைகள் இனி வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகலாம். நோய் இருக்கும் நாட்டுக் குதிரை என்று அதுவரை அவற்றை அனுமதிக்கத் தயங்கினார்கள்.

மீரட் சுற்றுச்சுவருக்கு வெளியே சூளைகள் இருக்கின்றன. அங்கிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் கோடையில் கோவேறு கழுதைகள் கேதார்நாத் பாதைக்கு ஏறுகின்றன. யாத்திரையில் சேர்க்க வேண்டும் என்றால் கிளாண்டர்ஸ் இல்லை என்ற பரிசோதனை முடிவு வேண்டும் என்று உத்தராகண்ட் கேட்கிறது. ராணுவக் குதிரை தவிர்த்து, இந்த உழைக்கும் மிருகங்களின் ரத்தம் பெரிய எண்ணிக்கையில் ஆய்வகத்துக்கு வந்து சேரும் சில வழிகளில் அதுவும் ஒன்று. சான்றிதழ் இருந்தால்தான் சீசன் வருமானம் என்பதால் உரிமையாளர்களே மிருகத்தை ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள்.